மலை வீட்டுக்குக் காற்றுக் குழாய் போடுவது: மூணாறு பக்கத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, வட்டவடை பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும் வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவியைப் பற்றி இப்போது நிறைய விசாரிக்கிறார்கள். எந்த பிராண்ட், என்ன விலை, எத்தனை வாட் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். குழாயைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் இந்த வேலை உருப்படுவதும் வீணாவதும் குழாயில்தான். கருவி பிடிக்கவில்லை என்றால் கழற்றி வேறு மாட்டிவிடலாம். சீலிங்குக்குள் மூடிய குழாயை மாற்ற வேண்டுமென்றால் சீலிங்கையே பிரிக்க வேண்டும். அதனால் இங்கே குழாய்க்குத்தான் அதிக இடம்.

இந்தக் கருவி என்னதான் செய்கிறது?

ஒரு பெட்டி, அதில் இரண்டு ஃபேன், நடுவே ஒரு வெப்பமாற்றி. குளியலறையிலும் சமையலறையிலும் இருக்கிற ஈரக் காற்றை ஒரு ஃபேன் இழுத்து வெளியே தள்ளும். இன்னொன்று வெளிக்காற்றை வடிகட்டிப் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் அனுப்பும். இரண்டு காற்றும் மெல்லிய தகடுகளின் இரு பக்கமாகக் கடந்து போகும். ஒன்றோடொன்று கலக்காது, ஆனால் போகிற காற்றின் சூடு வருகிற காற்றுக்கு ஏறிவிடும். வெளியே 6 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்று வையுங்கள். 75 சதவீதம் மீட்கும் கருவியாக இருந்தால் அறைக்கு வரும் காற்று 15 டிகிரியில் இருக்கும்.

கனடாவில் ரெஜைனா நகரத்தில் 1977இல் கட்டிய சஸ்கட்சவன் கன்சர்வேஷன் ஹவுஸ் என்ற வீட்டில் இந்த மாதிரி வெப்பமாற்றி வைத்தார்கள். 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கட்டிய முதல் பாசிவ் ஹவுஸிலும் (ஹீட்டர் அதிகம் தேவைப்படாதபடி இறுக்கமாக அடைத்துக் கட்டும் வீடு) இது உண்டு. மைனஸ் 30 டிகிரி ஊருக்குச் செய்தது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அங்கே இது தேவைப்பட்டதற்குக் காரணம் குளிர் மட்டும் இல்லை, சுவரையும் ஜன்னலையும் காற்றுப் புகாமல் அடைத்ததுதான். நம் பக்கமும் அப்படித்தான் மாறி வருகிறது. ஓடும் பலகைச் சீலிங்கும் இருந்த வீட்டில் இண்டு இடுக்கு வழியாகக் காற்று தானே வந்துபோகும். இப்போது காங்கிரீட் தளம், ரப்பர் வைத்த யு.பி.வி.சி. ஜன்னல், சாயங்காலம் ஆனால் எல்லாம் மூடல். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும். மூடிய அறையில் இரண்டு பேர் படுத்தால் விடிவதற்குள் அது 2,000ஐத் தாண்டுவது சகஜம். காலையில் தலை கனப்பதற்கும் கண்ணாடியில் தண்ணீர் வழிவதற்கும் காரணம் அந்தக் காற்று எங்கும் போகாமல் நிற்பதுதான்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா?

வெயில் அடிக்கிற பகலில் தாராளமாகப் போதும், அதைவிட நல்லது எதுவும் இல்லை. சிக்கல் ஜனவரி ராத்திரியிலும் ஆனி ஆடி மழையிலும்தான். அந்த மாதங்களில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை, திறக்கச் சொல்லவும் முடியாது.

நாங்கள் போடியில் இருக்கிறோம், பாலக்காட்டில் இருக்கிறோம். எங்களுக்கும் வேண்டுமா?

ஏ.சி. போடாத வீடு என்றால் வேண்டாம். எதிரெதிர் ஜன்னலும் சீலிங் ஃபேனும் போதும். ராத்திரி முழுக்க ஏ.சி. போட்டு அடைத்துத் தூங்குகிற வீடு என்றால் யோசிக்கலாம், ஆனால் அங்கே தேவை வேறு வகைக் கருவி. அதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

மழைக்காலத்தில் பெட்டியில் வைத்த துணியெல்லாம் பூத்துப்போகிறது. இதைப் போட்டால் சரியாகுமா?

அதிகம் வரும் கேள்வி இது. விற்கிறவர்கள் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் அவ்வளவு சுலபம் இல்லை.

ஜூலையில் வெளியே 18 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 14.6 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு இறங்கும், அவ்வளவுதான். பூசணம் பிடிக்காமல் இருக்க அது போதாது. காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வேலையை இந்தக் கருவி செய்யாது. குளியல், சமையல், மூச்சு, உள்ளே காயப்போட்ட துணி இவற்றிலிருந்து சேரும் ஈரத்தை வெளியேற்றும். வெளியில் இருப்பதைவிட மோசமாகாமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் உலர வேண்டுமென்றால் டீஹியூமிடிஃபயர் ஒன்று தனியாக வைக்கத்தான் வேண்டும்.

பனிக்காலத்தில் கதை வேறு. 5 டிகிரிக் காற்று நிறைய ஈரத்தோடு இருந்தாலும் அதில் 7 கிராமுக்கு மேல் நீராவி நிற்காது. அது உள்ளே வந்து 18 டிகிரி ஆகும்போது ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சுவரும் மெத்தையும் அலமாரியும் நன்றாக உலரும். மழையில் குடித்த ஈரத்தை வீடு இந்த மாதங்களில்தான் விடும். அதனால் பனிக்காலத்தில் குளிருக்குப் பயந்து கருவியை நிறுத்தாதீர்கள்.

மறையூர், காந்தளூர் பக்கம் மழை மறைவுப் பகுதி என்பதால் மூணாறு அளவுக்கு இந்தத் தொல்லை இருக்காது.

எச்.ஆர்.வி., ஈ.ஆர்.வி. என்று இரண்டு சொல்கிறார்களே, எது வாங்குவது?

எச்.ஆர்.வி. (ஹீட் ரிகவரி வென்டிலேட்டர்) என்பது இதுவரை சொன்ன கருவி, சூட்டை மட்டும் மாற்றும். ஈ.ஆர்.வி.யில் (எனர்ஜி ரிகவரி வென்டிலேட்டர்) உள்ள சவ்வு சூட்டோடு சேர்த்து ஈரத்தையும் அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குக் கடத்தும். பாலக்காட்டில் ஏ.சி. வீட்டுக்கு ஈ.ஆர்.வி.தான். வெளியே கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் ஈரம், உள்ளே 12, 13 கிராம். வருகிற காற்றின் ஈரத்தில் ஒரு பகுதி வெளியேறும் காற்றோடு திரும்பிப் போய்விடும்.

மூணாறில் ஏ.சி. இல்லாத வீட்டில் ஈரம் அதிகம் இருப்பது உள்ளேதான். அங்கே ஈ.ஆர்.வி. வைத்தால் வெளியே போக வேண்டிய ஈரத்தைப் பிடித்து மறுபடி அறைக்கே அனுப்பும். ஆகவே மலைக்கு எச்.ஆர்.வி. என்பதுதான் என் முடிவு. ஈ.ஆர்.வி.தான் புதுசு, அதுதான் நல்லது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வெப்பமாற்றி உறைந்துபோகாமல் இருக்க ஹீட்டர் வைத்த மாடலும் உண்டு, விலை கூடுதல். பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கும் ஊர்களுக்குத்தான் அது தேவை. நம் எஸ்டேட்டுகளில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழுந்தாலும் அந்த அளவுக்குப் போவதில்லை. அந்தப் பணத்தை இன்சுலேஷனில் போடுங்கள்.

பழைய பங்களா, லயத்து வீடு இவற்றுக்குப் போடலாமா?

இடுக்கு வழியாகக் காற்று நுழையும் வீட்டில் இது பலன் தராது. கருவி சூட்டை மீட்கும் பக்கத்திலேயே ஓட்டு இடுக்கில் சூடு போய்க்கொண்டிருக்கும். முதலில் சீலிங்கை அடைத்து, கதவு ஜன்னலுக்கு ரப்பர் வைத்து, அப்புறம் யோசிக்க வேண்டும். லயத்தில் இரண்டு அறைதான், குழாய் ஓட்ட இடமும் இல்லை. அங்கே சுவரில் ஒரு துளை போட்டுப் பொருத்தும் பீங்கான் மையம் வைத்த சிறு கருவி பொருந்தும். ஒரு நிமிடம் போல வெளியே ஊதி பீங்கானைச் சூடாக்கிக்கொள்ளும், அடுத்த நிமிடம் வெளிக்காற்றை அந்தச் சூட்டின் வழியாக உள்ளே இழுக்கும். குழாய் வேலையே இல்லை.

எங்கள் வீட்டுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏ.சி., காற்றோட்டப் பொறியாளர் அமைப்பின் 62.2 விதியை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு சதுர அடிக்கு 0.03 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி), அதோடு படுக்கையறை எண்ணிக்கையில் ஒன்று கூட்டி, ஒவ்வொன்றுக்கும் 7.5 சி.எஃப்.எம். மூன்று படுக்கையறை உள்ள 1,500 சதுர அடி வீட்டுக்கு 45 கூட்டல் 30, ஆக 75 சி.எஃப்.எம். மணிக்கு ஏறக்குறைய 130 கன மீட்டர்.

மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட 15 சதவீதம் போலக் குறைவு. அதை ஈடுகட்ட 150 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கருவி வாங்கும்போது 150க்கு 150 என்று வாங்காதீர்கள். 220, 250 வரை தரக்கூடியதை வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட விட்டால் சத்தமும் குறையும், விருந்தாளி வந்தால் கூட்டிக்கொள்ளவும் இடம் இருக்கும்.

பிரிப்பது இப்படி: மூன்று படுக்கையறைக்குத் தலா 35, ஹாலுக்கு 45. இழுப்பது இரண்டு குளியலறையில் தலா 45, சமையலறையில் 60. இரண்டு பக்கமும் 150. அறைக்குள் வந்த காற்று கதவுக்கு அடியில் வழிந்து நடை வழியாகக் குளியலறைக்குப் போக வேண்டும். அதனால் ஆசாரியிடம் முன்பே சொல்லி ஒவ்வொரு கதவுக்கும் அடியில் 15 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். குளியலறைக் கதவுக்கும் அப்படியே.

குழாய் எத்தனை அங்குலம்? நாலு அங்குலம் போதும் என்கிறாரே மேஸ்திரி.

ஒவ்வொரு அறைக்கும் பிரியும் கிளைக்குப் போதும், பெட்டியிலிருந்து கிளம்பும் தாய்க்குழாய்க்குப் போதாது. மேலே சொன்ன 150 கன மீட்டர் 150 மி.மீ. குழாயில் போனால் காற்றின் வேகம் நொடிக்கு 2.4 மீட்டர் அளவில் இருக்கும். அதையே 100 மி.மீ. குழாயில் தள்ளினால் 5 மீட்டரைத் தாண்டும். ராத்திரி அந்த இரைச்சலில் தூங்க முடியாது. உராய்வு இன்னும் மோசம். அது குழாயின் விட்டம் குறையக் குறைய ஐந்தாம் அடுக்கில் ஏறும், 150க்குப் பதில் 100 போட்டால் ஏழு மடங்குக்கு மேல். ஃபேன் திணறும், கரன்ட் கூடும், கடைசி அறைக்குக் காற்றே வராது.

தாய்க்குழாயில் நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, கிளையில் 2 மீட்டர் அளவில் இருக்கட்டும். 35 கன மீட்டர் போகும் கிளைக்கு 100 மி.மீ. போட்டால் வேகம் 1.2 மீட்டர், அறையில் காற்று வரும் கிரில்லுக்கு அடியில் படுத்தாலும் கேட்காது. சமையலறைக்கு 60 போகும் கிளைக்கு 125 மி.மீ. போட்டால் நிம்மதி.

வளைவுகளையும் எண்ணுங்கள். ஒரே இடத்தில் சட்டென்று மடங்கும் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி எல்போவைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுங்கள். காற்று சுலபமாகத் திரும்பும்.

ஜி.ஐ. குழாயா, ஃபிளெக்சிபிளா, பி.வி.சி.யா?

சுருள் மடிப்பு போட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) குழாய்க்கு என் முதல் ஓட்டு. உள்ளே வழவழப்பு, எலி கடிக்காது, நெருப்புக்குத் தாங்கும், இருபது வருஷம் கழித்தும் உள்ளே தூரிகை விட்டுச் சுத்தம் செய்யலாம். கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் ஏ.சி. டக்ட் செய்கிற பட்டறைகளில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். உடுமலை வழியாகவோ அடிமாலி வழியாகவோ லாரியில் ஏற்றிவிடலாம். மூட்டுக்கு மூன்று சிறிய ஸ்க்ரூ, மேலே சீலண்ட், அதற்கு மேல் அலுமினியம் டேப். துணி மாதிரி இருக்கிற சாம்பல் நிற டேப்பை மட்டும் சுற்ற விடாதீர்கள், நம் ஈரத்தில் பசை விட்டு உரிந்து தொங்கும்.

அலுமினியத் தாள் சுற்றிய ஃபிளெக்சிபிள் குழாய் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். அதனாலேயே வீடு முழுக்க அதைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். முழுசாக இழுத்து நேராகக் கட்டாமல் தொய்ய விட்டால் உராய்வு பல மடங்கு கூடிவிடும், பள்ளத்தில் தண்ணீரும் தேங்கும். ஓட்டு வீட்டில் சீலிங்குக்கு மேல் போட்டால் மரநாயும் எலியும் ஒரு மழைக்காலம்கூட விட்டுவைக்காது. பெட்டியின் அதிர்வு குழாய்க்குப் போகாமல் இருக்க அரை மீட்டர் துண்டு போடுங்கள், அதற்கு மட்டும் அது சரி.

75 மி.மீ. அளவில் பிளாஸ்டிக் செமி ரிஜிட் குழாய்களும் வருகின்றன. ஒரு விநியோகப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிக் குழாய், நடுவில் மூட்டே கிடையாது. தளம் போடும் முன் கம்பிக்கு நடுவில் பதித்துவிடலாம் என்பது பெரிய வசதி. ஒரு குழாயில் 30 கன மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது, மேலே பிரித்த அளவுக்கு ஒவ்வொரு அறைக்கும் இரண்டு குழாய் வேண்டும்.

கழிவுநீருக்குப் போடும் 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். குழாயைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். காற்று ஓட்டத்துக்கு அது குறைச்சல் இல்லை, மூட்டும் கசியாது, மூணாறு கடையிலேயே கிடைக்கும். ஆனால் தீப்பிடித்தால் அதிலிருந்து வரும் புகை கொடியது. குளியலறையிலிருந்து இழுக்கும் கிளைக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சமையலறைப் பக்கமும், ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு ஏறும் இடத்திலும் ஜி.ஐ. மட்டும்.

குழாயை எந்த வழியாகக் கொண்டு போவது? பீமில் ஓட்டை போடலாமா?

பீமில் ஓட்டை போடவே கூடாது. தூணிலும் கூடாது. தளத்தில் துளை வேண்டுமென்றால் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டும்போதே ஸ்லீவ் வைத்துவிட வேண்டும், அதுவும் இன்ஜினியர் பார்த்த பிறகு. காங்கிரீட் போட்ட பின் கோர் கட்டர் வைத்துத் துளைத்தால் கம்பி அறுபடும். மலைச் சரிவில், தூண் மேல் நிற்கிற வீட்டில் அந்த ஆபத்தை எடுக்கக் கூடாது.

நம் வீடுகளில் நல்ல வழி நடைபாதைதான். தளம் 10 அடி உயரம் இருந்தால் நடையில் மட்டும் எட்டே கால் அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதற்கு மேல் தாய்க்குழாயை ஓட்டலாம். படுக்கையறைக்கு லிண்டலுக்கு மேலே சுவரைத் துளைத்து நேராக உள்ளே ஊதினால் அறைக்குள் சீலிங்கே வேண்டாம். கருவியை வைக்க வேலைக்கூடமோ குளியலறைக்கு மேல் இருக்கும் பரணோ போதும். கையெட்டும் உயரத்தில், ஃபில்டரைக் கழற்ற முன்பக்கம் இரண்டடி இடத்தோடு இருக்க வேண்டும். படுக்கையறைச் சுவரில் மாட்டாதீர்கள்.

கருவி இருக்கும் இடத்திலிருந்து வெளிச்சுவர் எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. காரணம் அடுத்த பதிலில்.

இன்சுலேஷன் எல்லாக் குழாய்க்கும் வேண்டுமா?

பெட்டியிலிருந்து நான்கு குழாய் கிளம்பும். இரண்டு வெளியோடு பேசும், இரண்டு அறைகளோடு பேசும். வெளியோடு பேசும் இரண்டிலும் எப்போதும் குளிர்ந்த காற்றுதான். வெளியிலிருந்து வருவது 6 டிகிரி, சூட்டை இழந்து வெளியேறுவதும் ஏறக்குறைய குளிர்ந்ததே. வீட்டுக்குள் 18 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் 12 டிகிரிக்குக் கீழே எந்தப் பரப்பு இருந்தாலும் அதில் தண்ணீர் துளிர்க்கும். வெறும் தகடாக விட்ட வெளிக்குழாயில் ராத்திரி முழுக்கச் சொட்டும். சீலிங் கறுக்கும், ஜிப்சம் ஊறி இறங்கும். வீட்டுக்காரர் தளம் ஒழுகுகிறது என்று மொட்டை மாடியில் தார் பூசிக்கொண்டிருப்பார். ஒழுகுவது மழை இல்லை, வீட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரம்.

இந்த இரண்டு குழாய்க்கும் குறைந்தது 25 மி.மீ. நைட்ரில் ரப்பர் ஃபோம் சுற்ற வேண்டும். மூடிய கண்ணறை கொண்ட பொருள் என்பதால் ஈரம் உள்ளே இறங்காது. மூட்டுகளைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். கிளாம்ப் பிடிக்கும் இடத்திலும், சுவரைத் தாண்டும் இடத்திலும் ஒரு அங்குலம்கூட விடாமல் சுற்ற வேண்டும், ஏனென்றால் சொட்டுவது அந்த ஒரு அங்குலத்தில்தான். தகட்டைக் கிளாம்பால் நேரடியாகப் பிடிக்காமல் ஃபோமுக்கு மேலே பட்டையான தாங்கி வைத்துப் பிடியுங்கள். கிளாஸ் ஊல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் மேல் இருக்கும் ஃபாயில் ஒரு இடத்தில் கிழிந்தாலும் ஈரம் குடித்து அப்படியே நிற்கும். வருஷத்தில் பாதி நாள் ஈரமாக இருக்கிற ஊரில் அது வேண்டாம்.

அறைகளோடு பேசும் குழாய் வீட்டுச் சூட்டுக்குள்ளேயே ஓடினால் இன்சுலேஷன் தேவையில்லை. தகரக் கூரைக்கோ ஓட்டுக்கோ அடியில், சீலிங்குக்கு மேல் ஓடினால் அவற்றுக்கும் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி மீட்ட சூடு பரணிலேயே போய்விடும்.

வெளிச்சுவரில் வாய் எங்கே வைப்பது?

காற்று உள்ளே வரும் வாயும் வெளியேறும் வாயும் குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், முடிந்தால் வேறு வேறு சுவரில். செப்டிக் டேங்க் வென்ட், வெந்நீர் அடுப்புப் புகைபோக்கி, வண்டி நிறுத்தும் இடம் இவற்றிலிருந்து உள்வாய் 3 மீட்டராவது விலகி இருக்கட்டும். தென்மேற்குக் காற்று நேராக அறையும் சுவரில் உள்வாயை வைக்காதீர்கள், சாரல் ஃபில்டர் வரை போய்விடும். வேறு வழி இல்லையென்றால் கீழ்நோக்கி வளைந்த ஹூட் போட்டு, குழாயை வெளிப்பக்கம் லேசாகச் சரித்துவிடுங்கள்.

பனிக்கால சாயங்காலத்தில் பள்ளத்துக்குள் விறகுப் புகை மேலே எழும்பாமல் அப்படியே படுத்துக்கிடக்கும். மேலே சூடான காற்று மூடி போல உட்கார்ந்துவிடுவதால் வரும் நிலை அது. பக்கத்தில் நிறைய வீடு இருந்தால் உள்வாயை முடிந்த அளவு உயரத்தில் வையுங்கள், அடுப்பு எரியும் அந்த நேரத்துக்குக் கருவியைக் குறைந்த வேகத்துக்கு மாற்றுங்கள்.

வலை போடும்போது கொசுவலை மாதிரி நெருக்கமானது வேண்டாம். அந்துப்பூச்சியும் தூசியும் சேர்ந்து அடைத்துவிடும். 6 மி.மீ. கண் உள்ள கம்பி வலை போதும், பூச்சியை ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்.

சமையலறைச் சிம்னியை இதோடு இணைக்கலாமா?

கூடாது. எண்ணெய்ப் புகை வெப்பமாற்றியில் படிந்தால் கழுவினாலும் போகாது, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சிம்னிக்குத் தனிக் குழாய், தனி வழி. இந்தக் கருவியின் கிரில்லை அடுப்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி வையுங்கள்.

கேஸ் கீசரும் கணப்பும் இருக்கிறதே, பிரச்சினை வருமா?

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது, இந்தக் கருவி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய அறையில் சில நிமிடத்தில் ஆளை மயக்கிவிடும். வெளிச்சுவரில் மாட்டுங்கள்.

கணப்பு இருக்கும் ஹாலில் இழுக்கும் காற்று தரும் காற்றைவிட அதிகமாக இருந்தால், குறைகிற காற்று புகைபோக்கி வழியாகவே உள்ளே வரும். விறகுப் புகையும் கூடவே வரும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி அளந்து சரிசெய்ய வேண்டும். ஹோம்ஸ்டே என்றால் கணப்பு உள்ள ஒவ்வொரு அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். விருந்தாளி ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்குவார், அவருக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது.

காற்று சரியாக வருகிறதா என்று நாமே அளக்க முடியுமா?

முடியும். காற்றின் வேகம் அளக்கும் அனிமோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 100 லிட்டர் கொள்ளளவு உள்ள குப்பைப் பை ஒன்று, மொபைலில் ஸ்டாப் வாட்ச். பையின் வாயைக் கம்பி வளையத்தில் விரித்துக் கட்டி, காற்று இல்லாமல் சுருட்டி, கிரில்லின் மேல் அமுக்கிப் பிடியுங்கள். 360ஐ நிரம்பும் நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 10 நொடியில் நிரம்பினால் 36, படுக்கையறைக்குச் சரி. இழுக்கும் கிரில்லில் ஊதிய பையை வைத்து, சுருங்கும் நேரத்தைப் பாருங்கள். 8 நொடி என்றால் 45.

அளந்து அளந்து ஒவ்வொரு கிளையிலும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடான டேம்பரைத் திருக வேண்டும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கூடும், ஆகவே இரண்டு மூன்று சுற்று போக வேண்டும். மொத்த வரவும் மொத்தப் போக்கும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துவந்தால் போதும். வேலை செய்தவருக்குக் கடைசித் தவணைப் பணத்தை இந்த அளவுகளை எழுதி வாங்கிய பிறகே கொடுங்கள். சீலிங்கை மூடுவதும் அதற்குப் பிறகுதான்.

பெட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது, பழுதா?

இல்லை, ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராகிறது. வடிகால் குழாயில் யூ வடிவ ட்ராப் போட்டு அதில் தண்ணீர் நிற்க வேண்டும். வறண்டால் சாக்கடை வாடை பெட்டிக்குள் ஏறும், பிப்ரவரி மார்ச்சில் ஒரு குவளை ஊற்றி வையுங்கள்.

சத்தம் கேட்கிறது.

குழாய் அளவு சரி என்றால் பெரும்பாலும் பெட்டிதான் காரணம். பெட்டியை ரப்பர் மேல் நிறுத்தி, அறைகளுக்குப் போகும் குழாயிலும் திரும்பி வரும் குழாயிலும் ஒரு மீட்டர் சைலன்சர் போட்டால் அடங்கிவிடும். இரண்டு படுக்கையறையை ஒரே கிளையில் கோர்த்தால் ஒரு அறைப் பேச்சு இன்னொரு அறையில் கேட்கும். ஹோம்ஸ்டேக்கு அறைக்கு ஒரு கிளை.

கரன்ட் பில் மிச்சமாகுமா? கரன்ட் போனால் என்ன செய்வது?

பெரிதாக மிச்சமாகாது. 12 டிகிரி வித்தியாசத்தில் 150 கன மீட்டர் காற்றைச் சூடாக்க நம் உயரத்தில் 500 வாட் போல வேண்டும். அதில் முக்கால் பங்கைக் கருவி மீட்கும். ஆனால் அறை ஹீட்டரே போடாத வீட்டில் அது பில்லில் தெரியாது, குளிர் குறைவாகத்தான் தெரியும். நல்ல ஈ.சி. மோட்டார் (கரன்ட் குறைவாக எடுக்கும் வகை) உள்ள கருவி நடுத்தர வேகத்தில் 40 முதல் 70 வாட் எடுக்கும், ஒரு நாளுக்கு ஒன்றரை யூனிட் போல. சாதாரண இன்வெர்ட்டரில் ஓடும். மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரன்ட் இல்லையென்றால் ஜன்னலைத் திறங்கள், வேறு வழி தேட வேண்டாம்.

பராமரிப்பு என்ன?

வெளிக்காற்றுப் பக்கம் நுண்தூசியைப் பிடிக்கும் எஃப்7, வீட்டுக் காற்றுப் பக்கம் பெரிய தூசியைப் பிடிக்கும் ஜி4 ஃபில்டர் போடுவது வழக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, ஏனென்றால் நனைந்த ஃபில்டரில் பூசணம் பிடித்தால் அந்தக் காற்றைத்தான் குழந்தைகள் சுவாசிப்பார்கள். ஜி4ஐத் தட்டிச் சுத்தம் செய்யலாம், எஃப்7ஐக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். மலைக்கு மேல் கடையில் கிடைக்காது என்பதால் வருஷத்துக்கு வேண்டியதை மே மாதத்திலேயே வாங்கி உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமாற்றியை வருஷம் ஒருமுறை, மழை நின்ற பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். அன்றைக்கே உள்வாயின் வலையில் ஒட்டிய பூச்சியையும் துடைத்துவிடுங்கள்.